தேய்ந்தது தோலல்ல!



உங்கள் வீட்டுக் காரில் தோல் ஆசனங்கள் இருந்தால், அடுத்த முறை கதவைத் திறக்கும்போது சாரதி ஆசனத்தின் வெளி ஓரத்தைச் சற்றுக் குனிந்து பாருங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் உடம்பு உரசிச் செல்லும் மேடு அது. முதலில் மங்கும். பிறகு மயிரிழை போல வெடிப்புகள் விழும். அப்புறம் நிறம் உதிர்ந்து, உள்ளே சாம்பல் நிறத்தில் நார் நாராக ஏதோ தெரியும். அதைக் கண்டதும் நம்மவர்கள் வழக்கமாக மூன்றிலொன்றைச் செய்கிறார்கள். தேங்காய் எண்ணெய் பூசுகிறார்கள். உறை போட்டு மூடுகிறார்கள். இல்லையென்றால் குஷன் கடைக்குக் கொண்டுபோய்த் தோலைக் கழற்றிவிட்டு ரெக்ஸின் அடிக்கிறார்கள். பெரும்பாலான வீடுகளுக்கு இந்த மூன்றும் தேவையில்லை.

வாகனம் ஆண்களின் விஷயமென்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பிள்ளைகளைப் பாடசாலையில் இறக்குவதும், உம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போவதும் இன்று எத்தனையோ வீடுகளில் நாம்தானே? தவிர, இது வீட்டுக் காசு சம்பந்தப்பட்டது. 2020 மார்ச்சில் நமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். ஏறக்குறைய ஐந்து வருடங்கள் இருப்பதையே பேணிக் காக்க வேண்டியிருந்தது. திறந்த பிறகும், வரிகளோடு சேர்த்துச் சொல்லப்படும் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. பதினைந்து, இருபது வருடப் பழைய கார்கள் இன்னும் நம் முற்றங்களில் நிற்பதற்கு இதுவே காரணம்.

"தோல் தேய்ந்துவிட்டது" என்கிறோம். உண்மையில் பெரும்பாலும் தேய்வது தோல் அல்ல, அதன் மேலிருக்கும் பூச்சு. பதனிட்ட மாட்டுத்தோலின் மீது முதலில் நிறப்பூச்சு அடிக்கிறார்கள். அதன்மேல் நிறமில்லாத ஒரு காப்புப் பூச்சு. இரண்டும் சேர்ந்தாலும் ஒரு கடதாசித் தாளின் தடிப்பு வராது. நாம் தொடுவதும், உட்காருவதும், துடைப்பதும் அந்தப் பூச்சைத்தான். அது போன இடத்தில் தோல் வெறுமையாக நிற்கிறது. வியர்வையும் எண்ணெயும் நேரே உள்ளே இறங்குகின்றன. அப்போது கவனித்தால் தோல் பிழைத்துக்கொள்ளும். விட்டுவிட்டால் வெடிப்பு ஆழமாகிக் கிழியும்.

இதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஒரு துளி தண்ணீரை விரலால் வையுங்கள். பூச்சு உள்ள இடத்தில் துளி முத்துப்போல நிற்கும். பூச்சுப் போன இடத்தில் ஊறிக் கறுக்கும். ஆசனம் முழுவதும் எங்கு வைத்தாலும் ஊறுகிறதென்றால், அது பூச்சே இல்லாமல் சாயம் மட்டும் ஏற்றிய விலையுயர்ந்த வகைத் தோலாக இருக்கலாம். அதில் நீங்கள் கை வைக்க வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுங்கள். இன்னொன்று: தோல் ஆசனம் என்று விற்கப்பட்ட பல கார்களில் நாம் அமரும் முகப்பு மட்டுமே தோல். பக்கங்களும் பின்புறமும் ரெக்ஸின். ஆசனத்தின் அடியில் வெட்டிய ஓரம் தெரிந்தால் பாருங்கள். தோலின் உட்புறம் பஞ்சு போலிருக்கும். ரெக்ஸினின் உட்புறம் நெய்த துணியாக இருக்கும்.

நிறம் போவதற்குக் காரணங்கள் பல. வெயிலும் உரசலும் எல்லோருக்கும் தெரிந்தவை. பிள்ளைகளின் தலை எண்ணெய் தலைசாயும் இடத்தைக் கறுப்பாக்குகிறது. நமது பங்கும் கொஞ்சமில்லை! புது அபாயாவின் கறுப்புச் சாயம் வெளிர் நிற ஆசனத்தில் இறங்கும். கல் பதித்த, மணி தைத்த அபாயாக்கள் ஒவ்வொரு முறையும் கீறிக்கொண்டே போகும். கல்யாண வீட்டுக்குப் போகும் நாளில் ஒரு பழைய துவாயை விரித்துக்கொண்டு அமர்வதில் தவறில்லை.

"இது என்ன மிருகத்தின் தோல்?" என்று கேட்கும் சகோதரிகள் உண்டு. நியாயமான கேள்விதான். கார் ஆசனங்களுக்கு அகலமான தோல் வேண்டும் என்பதால் அநேகமாக எல்லாமே மாட்டுத்தோல். பன்றித்தோலில் மயிர்த்துளைகள் மும்மூன்றாகத் தெரியும் என்று சொல்வது சரிதான். சில சப்பாத்து உட்புறங்களிலும் கையுறைகளிலும் அப்படிப் பார்க்கலாம். ஆனால் கார் ஆசனத்தில் பூச்சின்மேல் அச்சழுத்தி வரி வரியாகச் செய்திருப்பதால் துளையைத் தேடிப் பயனில்லை.

இதையெல்லாம் நான் கற்றது என் ராத்தாவின் காரில். 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் மச்சான் மௌத்தானார். கம்பளைப் பக்கத்து வீடு அது. ராத்தா இத்தா இருந்த நான்கு மாதமும் பத்து நாளும் மழைக்காலம். கார் கராஜுக்குள் கண்ணாடி மூடியபடியே நின்றது. கதவைத் திறந்தபோது மணல் நிற ஆசனங்களெல்லாம் பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சணம். சாரதி ஆசனத்தின் ஓரமோ ஏற்கெனவே நார் தெரியத் தேய்ந்திருந்தது. அந்த வாரமே தரகர் வந்துவிட்டார். "ஆசனமெல்லாம் போச்சு, உள்ளுக்குப் பெரிய செலவிருக்கு" என்று சொல்லிச் சொல்லியே விலையைக் குறைத்தார். குஷன் கடையொன்றில் கேட்ட தொகை ராத்தாவின் இரண்டு மாத ஆசிரியச் சம்பளம். "வித்துட்டு பஸ்ஸில போகலாந்தானே" என்று எங்கள் நாநாவும் சொல்லத் தொடங்கினார். பாடசாலை பதினான்கு கிலோமீற்றர். மூன்று பெண் பிள்ளைகளும் இரண்டு பாடசாலைகளில். ராத்தா ஒன்றும் பேசவில்லை. பேசாமலிருந்தால் அரைவாசி சம்மதம் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

நாங்கள் கழுவிப் பார்ப்போம் என்று மட்டுமே தொடங்கினோம். பூஞ்சணத்தை வெளி முற்றத்தில், வாய் மூக்கை மூடிக்கொண்டு துடைக்க வேண்டும். வீட்டுக்குள் உதறினால் வித்துகள் பரவும். பிறகு தூசியை உறிஞ்சி, தையல் இடுக்குகளை மென்மையான தூரிகையால் தட்டினோம். மென்மையான திரவச் சவர்க்காரத்தை நிறையத் தண்ணீரில் கலந்து, நுரையை மட்டும் எடுத்துச் சிறு பகுதி பகுதியாகத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தோம். வாளியால் ஊற்றவே கூடாது. பஞ்சு ஊறினால் காய நாளாகும். சில கார்களில் ஆசனத்துக்குள் மின்கம்பிகளும் உணர்கருவிகளும் இருக்கின்றன. துணி அழுக்கில்லாமல் வரும்வரை திரும்பத் திரும்பச் செய்தபோது ஒன்று விளங்கியது: நிறம் போய்விட்டதென்று நாங்கள் எண்ணியதில் பாதி, வெறும் அழுக்கு! பின் ஆசனத்துக்கு நிறமே தேவைப்படவில்லை. ஒன்று நினைவிருக்கட்டும். பளபளப்பது நல்ல தோல் என்று நினைக்கிறோம்; அநேகமான கார்த் தோல் புதிதில் மினுங்குவதில்லை. மினுக்கம் பெரும்பாலும் எண்ணெயும் அழுக்கும்தான்.

இந்த இடத்தில் தேங்காய் எண்ணெய்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பூச்சு நன்றாயிருந்தால் எண்ணெய் உள்ளே போகாது, மேலே நின்று தூசியை இழுக்கும். பூச்சுப் போயிருந்தால் உள்ளே போய்க் கறுப்பாக்கும். பின்னர் பூசும் நிறம் ஒட்டாது. சப்பாத்துப் பொலிஷும் அப்படியே. உங்கள் உடையில் ஒட்டிக்கொண்டுதான் ஓயும்.

நாநாவின் மகன் கொழும்பிலிருந்து தோலுக்கென்றே செய்யப்பட்ட, நீர் கலந்த நிறப்பூச்சும், நிறமில்லாத மேற்பூச்சும், வெடிப்பு நிரப்பும் பசையும் வாங்கி வந்தான். கார் உடம்புக்கு அடிக்கும் பெயின்ட் உதவாது. அமர்ந்தெழும்போது வளையாமல் வெடிக்கும். (1950, 60களில் இங்கு வந்த இங்கிலாந்துக் கார்கள் சிலவற்றின் தோலில் பழைய செலுலோஸ் பூச்சு இருக்கும். அவற்றின் கதை வேறு.) நிற இலக்கத்தைக் காரிலேயே பார்க்கலாம். உதாரணமாக டொயோட்டா கார்களின் தகட்டில் வெளி நிற இலக்கத்துக்குப் பக்கத்தில் உள்ளலங்கார இலக்கமும் இருக்கும். ஆனாலும் இருபது வருட வெயில் பட்ட ஆசனத்துக்கு இலக்கம் மட்டும் போதாது. மறைவான இடத்தில் ஒரு சொட்டுப் பூசி, காயவிட்டு, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம். நாங்கள் மூன்று முறை பழுப்பும் வெள்ளையும் சேர்த்த பிறகே ஒத்து வந்தது.

மழையில்லாத ஒரு சனிக்கிழமை காலையில், நிழலில், கதவுகளெல்லாம் திறந்து வைத்து வேலையைத் தொடங்கினோம். முதலில் ஐசோபுரோப்பைல் அற்ககோலை வெள்ளைத் துணியில் நனைத்து எண்ணெய்ப் பசையை எடுத்தோம். பெயரைக் கண்டு தயங்க வேண்டாம். இது குடிக்கும் மதுவல்ல, நஞ்சு. காயங்களைச் சுற்றித் தோலைத் துப்புரவாக்க வைத்தியசாலைகளில் பாவிக்கப்படுவது. எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்பும் நெருப்புப் பெட்டியும் பக்கத்தில் வேண்டாம். அழுத்தித் தேய்த்தால் இருக்கும் நிறமும் கழன்று வரும். அதன்பின் மிக நயமான சேண்ட் பேப்பரால், 800 இலக்கத்துக்குக் குறையாமல், வெடிப்பின் கூர்களை மட்டும் தடவிச் சமன் செய்தோம். பசையைப் பழைய தொலைபேசி அட்டையால் மெல்லிய படையாக இழுத்து, காயவிட்டு, மீண்டும் இழுத்தோம். ஒரே தடவையில் தடிப்பாக அப்பினால் அது பிளந்துவிடும்.

நிறம் பூச ஸ்பொஞ்சை எடுத்தபோதுதான் ராத்தா வாயைத் திறந்தாள். "இந்த ஓரம் அவர் உரசி உரசித் தேஞ்சதுடி" என்றாள். பதினொரு வருடம் மச்சான் ஏறி இறங்கிய ஓரம். நாங்கள் கையை எடுத்துக்கொண்டோம். விட்டுவிடு என்பாளோ என்று நினைத்தேன். சற்று நேரம் விரலால் அதைத் தடவிக்கொண்டிருந்தவள், ஸ்பொஞ்சை என் கையிலிருந்து வாங்கித் தானே முதல் படையை ஒற்றினாள்.

ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. முதல் படை காய்ந்ததும் பார்த்தால் மனம் சோர்ந்துவிடும், திட்டுத் திட்டாக இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். மெல்லிய நான்கைந்து படைகள், ஒவ்வொன்றுக்குமிடையில் காய நேரம். முடி உலர்த்தும் கருவியை இளஞ்சூட்டில் தூரப் பிடித்தால் விரைவாகும். இறுதியாக மினுக்கமில்லாத மேற்பூச்சு மூன்று படை. இதை விட்டுவிட்டால் உழைப்பெல்லாம் ஒரு மாதத்தில் உடையோடு போய்விடும். ஞாயிறு பின்னேரம் முடித்தோம். திங்கள் பாடசாலை விடுமுறையாக இருந்தது வசதி; ஒரு நாளாவது யாரும் அமராமல் விட வேண்டும். ஒரு கிழமைவரை சவர்க்காரம் காட்டக் கூடாது.

குஷன் கடைக்கே போக வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. கிழிந்த தோலையும், அட்டைபோல் விறைத்துச் சுருங்கிய தோலையும், நூல் இற்றுப்போன தையலையும் நிறம் காப்பாற்றாது. அப்போதும் முழு ஆசனத்தையும் கழற்றச் சம்மதிக்காதீர்கள். அந்த ஒரு துண்டை மட்டும் மாற்றித் தைக்கலாம். முக்கியமான எச்சரிக்கை இது: ஆசனத்தின் பக்கவாட்டில் "எயார்பேக்" என்ற சிறு பட்டி தைக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். விபத்தில் அந்தப் பை ஆசனத் தையலைப் பிளந்துகொண்டு கண்ணிமைக்கும் நேரத்தில் வெளியே வர வேண்டும். தடித்த நூலால் அங்கே மறுதையல் போட்டாலோ, இறுக்கமான உறையால் அதை மூடினாலோ பை வரவேண்டிய வழி அடைபடலாம். தேய்ந்த நிறத்தை மறைக்கப் போட்ட உறை பிள்ளையின் உயிருக்குத் தடையாக வேண்டுமா? அந்தத் தையல் மீது பசையும் பூசாதீர்கள்.

தரகர் பிறகும் ஒரு முறை வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார், விலையை உயர்த்தினார். "நெறம் நாங்க பூசினது, தோல் பழசுதான்" என்று ராத்தா முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டாள். விற்பதாக இல்லையென்றும் சொன்னாள். விற்கும் எண்ணத்தோடு நிறம் பூசுகிறவர்களும் வாங்குபவரிடம் இதைச் சொல்லத்தான் வேண்டும். குறையை மூடி விற்பது நமக்கு ஆகுமான வியாபாரமல்ல.

இரண்டு வருடங்களுக்கு மேலாகிவிட்டது. ஓரத்தில் விரல் நகமளவு மட்டும் மறுபடி மங்கியது. சென்ற நோன்புப் பெருநாளுக்கு முந்திய கிழமை ராத்தா அரை மணித்தியாலத்தில் அதைச் சரிசெய்துகொண்டாள். மீதி நிறத்தை அதற்காகத்தான் வைத்திருந்தோம். நீங்களும் மீந்ததைச் சிறு போத்தலில் வாய்வரை ஊற்றி, இறுக மூடி, கார் இலக்கத்தையும் திகதியையும் எழுதிப் பிள்ளைகளுக்கு எட்டாத தட்டில் வையுங்கள். பாவிக்குமுன் நன்றாகக் குலுக்கி, மறைவான இடத்தில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள்.