வேலிக்கம்பியில பன்னெண்டு வோல்ட்

சித்தப்பா கேட்டது சின்ன விஷயம்தான். "தம்பி, நீ என்ஜினியரிங் படிச்சவன்தானே? கொட்டகையிலேர்ந்து களத்துக்கு ஒரே ஒரு லைட்டு. முடியுமா முடியாதா?"

(நான் படிச்சது கம்ப்யூட்டர் சயின்ஸ். ஊர்ல இதெல்லாம் செல்லாது. மிக்ஸி ரிப்பேரானாலும் என்னைத்தான் கூப்பிடுவாங்க.)

நன்னிலம் பக்கத்துல எங்க ஊரு. போன தை மாசம், சம்பா அறுப்பு முடிஞ்சு நெல்லு களத்துல குவிஞ்சு கெடந்துது. கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாதும்பாங்க. அதனால காய வைக்கணும், அப்புறம் முறை வரணும். அதுவரைக்கும் ராத்திரிக் காவல். மோட்டார் கொட்டகைக்கும் களத்துக்கும் நடுவுல 200 மீட்டர். முந்தின வருஷம் இழுத்த செம்பு ஒயரை எவனோ வெட்டிட்டுப் போயிட்டான். அதுக்கப்புறம் மாட்டின சோலார் விளக்கும் போச்சு. "வேலியை எவன்டா தூக்கிட்டுப் போவான்? அதுலயே அனுப்பு"ன்னாரு.

முதல்ல சிரிச்சேன். இரும்பு, செம்பை விட மின்சாரத்தை பல மடங்கு மோசமா கடத்தும்னு பள்ளிக்கூடத்துல படிச்ச ஞாபகம். ஆனா உக்காந்து கணக்குப் போட்டப்ப சிரிப்பு நின்னுடுச்சு. நம்ம முள்கம்பி 12 கேஜ், ரெண்டு இழை முறுக்கினது. ரெண்டு இழையும் சேர்ந்தா கிட்டத்தட்ட 11 சதுர மில்லிமீட்டர். போக 200, வர 200, மொத்தம் 400 மீட்டருக்குத் தடை சுமாரா 6 ஓம். வீட்டுக்கு இழுக்கற ஒண்ணரை சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரா இருந்தாலும் நாலரை ஓமுக்குக் குறையாது. இரும்பு அவ்வளவு கேவலம் இல்ல! 1839ல கல்கத்தாவுல ஓஷானசி தந்தி சோதனை பண்ணினதே இரும்புக் கம்பியிலதான். அமெரிக்காவுல பண்ணைக்காரங்க ஒரு காலத்துல முள்வேலி வழியா டெலிபோனே பேசியிருக்காங்க.

சரின்னு இறங்கிட்டோம். மேல் கம்பி ஒண்ணு, அடுத்த கம்பி ஒண்ணு. நடுநடுவுல ரெண்டையும் சேத்துக் கட்டியிருந்த கட்டுக்கம்பி எல்லாத்தையும் வெட்டி எடுக்கவே அரை நாள். வேலிக்கால் எல்லாம் கிளுவைப் போத்து, துளிர் விட்டு நிக்குது. பச்சை மரம் வழியா கரண்டு ஒழுகுமேன்னு பயந்தேன். 12 வோல்ட்டுக்கு அந்த ஒழுக்கு ஒரு பொருட்டே இல்ல.

பழைய டிராக்டர் பாட்டரி, அந்தப் பக்கம் 21 வாட் வண்டி பல்பு. சாயங்காலம் மாட்டினோம். பீடி நுனி மாதிரி ஒரு செவப்பு. அவ்வளவுதான். சித்தப்பா ஒண்ணும் சொல்லல, அதுதான் அவமானமா இருந்துச்சு.

மல்டிமீட்டரோட வேலி ஓரமா நடந்தேன். கோளாறு கம்பியில இல்ல, முடிச்சுல. துரு ஏறின ஒரே ஒரு முடிச்சு 3 வோல்ட்டை முழுங்கிட்டு உக்காந்திருந்துச்சு. எல்லா முடிச்சையும் அரம் போட்டு ராவி, இறுக்கி முறுக்கினப்புறம் பல்புக்கு அஞ்சரை வோல்ட் வந்துது. மிச்சம் கம்பிக்குப் போயிடுது. கம்பி மேல குத்தம் இல்ல, பல்பு ஒரு ஆம்பியருக்கு மேல கேக்குது, அதான்.

அப்பதான் சித்தப்பா கேட்டாரு. "கொட்டகையில 230 இருக்குல்ல? அதை நேரா வேலியில விட்டா?"

கணக்கைச் சொல்றதுக்கே வாய் வரல. ஏன்னா கணக்குப்படி அவர் சொல்றது சரி. அதே 21 வாட்டை 230ல அனுப்பினா 0.09 ஆம்பியர்தான், வழியில சுமாரா அரை வோல்ட்டுதான் விழும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து கிராமங்கள்ல ஒத்தை ஸ்டீல் கம்பியில, மண்ணையே திரும்பி வர்ற வழியா வச்சு, 12,700, 19,100 வோல்ட்டுல கரண்டு போகுது. ஆனா அதெல்லாம் கம்பத்து உச்சியில. நம்ம வேலி இடுப்பு உயரம்.

"எலிக்கு வைக்கறாங்களேடா"ன்னாரு. ஆமா, வைக்கறாங்க. எலிக்கு வச்ச கம்பியில வயலுக்குத் தண்ணி பாய்ச்சப் போனவர் செத்தார்ங்கற செய்தி டெல்டாவுக்குப் புதுசில்ல. 2023 மார்ச்ல தர்மபுரி மாரண்டஹள்ளி பக்கம் இப்படி ஒரு திருட்டு வேலியில 3 யானை போச்சு. ஈரக்காலோட நிக்கற மனுஷனுக்கு ஆயிரம் ஓம்னு வச்சா 230 மில்லி ஆம்பியர். உயிர் காக்கற டிரிப் ஸ்விட்ச் 30 மில்லியிலயே விழணும். கொட்டகையில இருக்கறது பியூஸ் கட்டைதான், அதுக்கு இது தெரியவே தெரியாது. விக்கற சோலார் வேலியில ஆயிரக்கணக்குல வோல்ட் இருக்குன்னாலும், செகண்டுக்கு ஒருதடவை கண்ணிமைக்கறதுக்குள்ள ஒரு துடிப்பு, அவ்வளவுதான். அதுக்கே தமிழ்நாட்டுல 2023லேர்ந்து பதிவு, விதிமுறை எல்லாம் உண்டு.

இதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கிட்டாரு. ஒத்துக்கிட்டாரான்னு தெரியல.

மறுநாள் நன்னிலம் கடைத்தெருவுல 12 வோல்ட் எல்.இ.டி ஒண்ணு வாங்கிட்டு வந்தேன், 3 வாட். கால் ஆம்பியர்தான் கேக்குது, கம்பியில ஒண்ணரை வோல்ட்தான் போச்சு. நெல்லுக் குவியல் பளிச்சுன்னு தெரிஞ்சுது, அஞ்சு நிமிஷத்துல ஊர்ப்பட்ட பூச்சியும் வந்துது. ஒரே நிபந்தனை போட்டேன்: சார்ஜர் மாட்டறதுக்கு முன்னாடி பாட்டரியை வேலியிலேர்ந்து கழட்டிடணும். மட்டமான சார்ஜரா இருந்தா 230 அது வழியாவே வேலிக்கு வந்துடும்.

ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி கொட்டகைக்குப் போனேன். ஸ்விட்ச் போர்டுக்குக் கீழ ரெண்டு முழம் ஒயர், ஒரு முனையில பிளக்கு, இன்னொரு முனை தோல் சீவி ரெடியா ஆணியில தொங்கிக்கிட்டிருந்துது. சுருட்டி பையில போட்டுக்கிட்டேன். சித்தப்பா வாசல்ல நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தாரு. "பஸ்ஸுக்கு நேரமாச்சு, கிளம்பு"ன்னாரு.