இறங்கி உருட்டிய அரை கிலோமீட்டர்

பொங்கல் விடுமுறையில் எங்கள் படிப்பு வட்டத்தைச் சேர்ந்த ஏழு பேர் திருப்பூரிலிருந்து அமராவதி அணைக்குச் சைக்கிளில் போய் வந்தோம். எந்த வழி, எவ்வளவு செலவு, எங்கே தங்கினீர்கள் என்று தம்பி தங்கைகள் பலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடலாம் என்று முடிவு செய்தோம். வழியை மட்டும் எழுதினால் பாதிதான் சொன்னதாகும். மீதியும் இருக்கிறது.

ஏன் பொங்கலுக்குப் போனோம் என்றால், பனியன் கம்பெனி வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதாது. சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு வீடு வரவே இரவாகிவிடும். ஆர்டர் நெருக்கினால் ஞாயிறும் கூப்பிடுவார்கள். எங்களில் இருவர் டெய்லர், ஒரு தம்பி பேட்லாக், ஒரு தங்கை செக்கிங். இன்னொரு தம்பி கல்லூரியில் படிக்கிறான், ஒரு தங்கை பிளஸ் டூ. ஏழாவது ஆள், சமூகப்பணி என்று பெயர் சொல்லிக்கொண்டு இவர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு திரிபவர். தீபாவளியையும் பொங்கலையும் விட்டால் இத்தனை பேருக்கும் ஒன்றாக மூன்று நாள் கிடைக்காது.

இன்னொரு காரணம் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று ஆனி, ஆடியில் பல்லடம், குடிமங்கலம், உடுமலைப் பக்கம் ஆளையே தள்ளும். இத்தனை காற்றாலைகளை அங்கே சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்? காற்றாலைக்காரர்களுக்கு நல்ல காலம் சைக்கிள்காரர்களுக்குக் கெட்ட காலம். தை மாதத்தில் அந்தத் தொல்லை இல்லை. விடிகாலைக் குளிர் மட்டும்தான்.

எங்கள் சைக்கிள்களில் இரண்டு அரசு கொடுத்தவை, நான்கு செகண்ட் ஹேண்ட், ஒன்றே ஒன்று கியர் வைத்தது. அரசு சைக்கிளைக் கேலி செய்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2001-02இல் அந்தத் திட்டம் முதலில் வந்தது பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்குத்தான். 2005-06இல்தான் எல்லா மாணவர்களுக்கும் விரிந்தது. எடை அதிகம், கியர் கிடையாது. ஆனாலும் எங்களோடு வந்த பிளஸ் டூ தங்கை அதில்தான் மூன்று நாளும் மிதித்தாள். ஒரு இடத்திலும் பின்தங்கவில்லை.

அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பினோம். பல்லடம் 15 கிலோமீட்டர். அங்கிருந்து தெற்கே திரும்பினால் விசைத்தறிச் சத்தம் கொஞ்ச தூரம் கூடவே வரும், பிறகு கோழிப்பண்ணை வாடை. குடிமங்கலம் நெருங்கும்போது விடிந்து, ஆனைமலைத் தொடர் நீலக்கோடாகத் தெரிய ஆரம்பிக்கும். உடுமலை வரைக்கும் மொத்தம் 65 கிலோமீட்டர் சுமார். ஏற்றம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. நடுவில் பி.ஏ.பி. வாய்க்கால் குறுக்கிடும், தண்ணீர் ஓடினால் முகம் கழுவிக்கொள்ளலாம்.

குடிமங்கலத்துக்குக் கொஞ்சம் முன்னால் பேட்லாக் தம்பியின் பின்சக்கரம் பஞ்சர். பம்பு கொண்டு வந்திருந்தோம், அதன் வாய் உடைந்திருந்தது. அந்த வழியாக நான்கு பேர் ஹெல்மெட், கண்ணாடி சகிதம் விலை உயர்ந்த சைக்கிள்களில் வந்தார்கள். ஒருவர் நிறுத்தி இறங்கினார். நல்ல மனிதர், நாங்கள் கேட்காமலே டியூபைக் கழற்றி ஒட்டு போட்டார். காற்றடித்துக்கொண்டே, "திருப்பூர்ல எந்தப் பக்கமுங்க?" என்றார். தம்பி எங்கள் காலனியின் பெயரைச் சொன்னான். "ஓ, அங்கீங்களா" என்றார். அதற்குப் பிறகு பேச்சு இல்லை. ஆனால் காற்றை முழுதாக அடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார். அந்த மௌனத்துக்கு என்ன பொருள் என்று வெகுதூரம் பேசிக்கொண்டே போனோம். "உதவி செஞ்ச மனுசனையும் சந்தேகப்படணுமா?" என்றான் கல்லூரித் தம்பி. பேட்லாக் தம்பி பதில் சொல்லவில்லை. அவன் முகத்தை நாங்கள் பார்த்தோம். எங்களுக்கு இன்னும் இதில் ஒரு முடிவு கிடையாது.

நாங்கள் தங்கப் போனது எங்களில் ஒருவரின் அத்தை வீட்டுக்கு, உடுமலையைத் தாண்டி ஒரு கிராமம். பெயர் சொல்லவில்லை. சொன்னால் அத்தை வீட்டுக்குத்தான் சிரமம். எந்தக் கொங்குக் கிராமமும் போல ஊர் முன்னால், காலனி பின்னால். தார்ச்சாலையிலிருந்து காலனிக்குப் போக ஊர்த்தெரு அரை கிலோமீட்டர். ஊர் எல்லைக்கு வந்ததும் அத்தைக்குப் போன் செய்தோம்.

"ஊருக்குள்ள வர்றப்ப எறங்கி உருட்டிட்டு வந்துருங்க கண்ணு" என்றார். "இப்பெல்லாம் யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. இருந்தாலும்."

அந்த "இருந்தாலும்" போதுமாக இருந்தது. காலனிப் பையன்கள் பைக் வாங்கிவிட்டார்கள், ஆனால் இட்டேரி வழியாகத்தான் சுற்றிப் போகிறார்கள் என்பது பிறகு தெரிந்தது.

நாங்கள் இறங்கினோம். மறைக்க ஒன்றுமில்லை. வாரந்தோறும் அம்பேத்கரைப் படிக்கிறவர்கள், சமூகவியலில் பட்டம் வாங்கியவர் உட்பட ஆறு பேர், இறங்கி உருட்டினோம். ஒருத்தி இறங்கவில்லை. பிளஸ் டூ தங்கை அரசு சைக்கிளில் தெருவின் நடுவில் மெதுவாக மிதித்துக்கொண்டு போனாள். இரண்டு முறை மணி அடித்தாள். திண்ணையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். ஒருவர், "எந்த ஊர்ப் புள்ளைங்க?" என்று எங்களைக் கேட்டார். "திருப்பூருங்க" என்றோம். அவ்வளவுதான் நடந்தது. கோழி குறுக்கே வந்தது, அதற்காகத்தான் மணி அடித்தேன் என்று பிறகு சொன்னாள்.

தோழர்களே, சைக்கிள் ஏறுவது சட்டத்தில் பெயர் சொல்லி எழுதப்பட்ட உரிமை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. 2015இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதையும், செருப்பு அணிவதையும், புதுத்துணி உடுத்துவதையும் தடுப்பது குற்றம் என்று அந்தத் திருத்தம் சொல்கிறது. சைக்கிள் என்ற சொல்லைச் சட்டத்துக்குள் எழுத வேண்டி வந்த நாடு நம்முடையது. இதற்கு ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1924இல், பொதுத்தெருவும் பொதுக்கிணறும் எல்லோருக்கும் உரியவை என்று சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டு வந்தார். தீர்மானமும் நிறைவேறியது. அப்படியும் அன்று எங்களை யாரும் தடுக்கவில்லை. நாங்களே இறங்கினோம். அதை எந்தப் பிரிவில் பதிவு செய்வது?

அன்றிரவு பெரிய விவாதம். கல்லூரித் தம்பி, தங்கை செய்ததுதான் சரி என்றான். செக்கிங் தங்கை, "நாம நாளைக்கழிச்சுப் போயிருவோம், அத்தை இங்கதான் இருக்கணும்" என்றாள். பேச்சு 1929இல் சாலிஸ்காவில் நடந்ததற்குப் போனது. அம்பேத்கருக்குக் குதிரைவண்டி ஓட்ட வண்டிக்காரர்கள் யாரும் வரவில்லை. அவரை நடக்க விடுவது மரியாதை ஆகாது என்று அங்கிருந்த மகர் மக்கள் வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, பழக்கமில்லாத தங்கள் ஆள் ஒருவரையே ஓட்டச் சொன்னார்கள். பாலத்தில் சக்கரம் சிக்கி வண்டி கவிழ்ந்தது. அம்பேத்கர் கல்தரையில் தூக்கி வீசப்பட்டுக் கால் முறிந்தது. மரியாதையா பாதுகாப்பா என்ற கேள்வியில் மரியாதையைத் தேர்ந்தெடுத்தவர்கள் அவர்கள். நாங்கள் அத்தையின் பாதுகாப்பைத் தேர்ந்தெடுத்தோமா, எங்கள் பயத்துக்கு அத்தையின் பெயரை வைத்தோமா?

மறுநாள் காலை மாமா தோட்டத்து வேலைக்குப் போய்விட்டு ஏழு மணிக்கே திரும்பினார். தோட்டக்காரர், "உங்கூட்டுக்கு ஒறம்பரையா?" என்று மட்டும் கேட்டாராம். வேறொன்றும் கேட்கவில்லையாம். தங்கை, "நான் செஞ்சது தப்புங்களா மாமா?" என்றாள். மாமா பதில் சொல்லாமல் அவள் சைக்கிளைச் சாய்த்து வைத்துச் செயினுக்கு எண்ணெய் விட்டார்.

அன்றுதான் அணைக்குப் போனோம். உடுமலையிலிருந்து மூணாறு சாலையில் ஒன்பதாறு செக்போஸ்ட் வரை சாலை மெல்ல மெல்ல ஏறும். ஒன்பதாவது மைல், ஆறாவது பர்லாங், அதனால் அந்தப் பெயர். அதற்கு மேல் ஆனைமலைப் புலிகள் காப்பகம், சின்னாறு, மறையூர், மூணாறு. செக்போஸ்டில் இருந்த காவலர், யானைகள் தண்ணீருக்கு அணைப்பக்கம் இறங்குகின்றன, சைக்கிளோடு மேலே போக வேண்டாம் என்றார். அது நியாயம்தான். மறையூர் போக ஆசையுள்ளவர்கள் உடுமலையில் மூணாறு பஸ் ஏறுங்கள். அங்கிருந்து அணைக்குத் திரும்பினோம். 1957இல் கட்டியது. பாம்பாறு, சின்னாறு, தேனாறு மூன்றும் சேர்ந்துதான் அமராவதி. கேரளத்தில் பிறந்து கிழக்கே ஓடி வரும் சில ஆறுகளில் ஒன்று, கரூரைத் தாண்டிக் காவிரியில் கலக்கிறது.

அணைத் தண்ணீரைப் பார்த்தபடி செக்கிங் தங்கை, "ஆத்துக்கு இந்த நிறமா?" என்றாள். அவள் பார்த்து வளர்ந்தது நொய்யலை. சிவப்பும் ஊதாவுமாக ஓடிய நொய்யல், சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணை, 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது வேலை போய் வீட்டிலிருந்த அப்பா என்று அவளுக்கு ஆறு என்றால் வேறு பொருள். அமராவதி ஏறத்தாழ 55,000 ஏக்கருக்குப் பாய்கிறது. வழியெல்லாம் நெல், கரும்பு, தென்னை. அதில் நாற்று நடும் கைகள் காலனியிலிருந்து வருகின்றன. நிலப்பட்டா காலனிக்கு எத்தனை ஏக்கர் வந்திருக்கிறது என்று அடுத்து போகும் மாணவர்கள் யாராவது கணக்கெடுங்கள். நல்ல ஆய்வுத் தலைப்பு.

மலைமேல் சைக்கிள் விட வழி தேடும் நாம் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அதே மலையில் குருமலை, குழிப்பட்டி போன்ற ஊர்களில் வாழும் மலைப்புலையர், முதுவர் மக்கள் பிரசவத்துக்கும் நோய்க்கும் ஆட்களைத் தொட்டில் கட்டித் தூக்கி இறங்கி வந்திருக்கிறார்கள். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு சாலை கேட்டுப் போராடியிருக்கிறார்கள். சுற்றுலாப் படங்களில் "மனிதர் கால் படாத காடு" என்று எழுதுகிறவர்கள் யாருடைய காலை மறந்துவிட்டு எழுதுகிறார்கள் என்று கேளுங்கள்.

திரும்பும்போது கல்லாபுரம், குமரலிங்கம் வழி. சமதரை, தென்னை நிழல், மொத்தப் பயணத்திலும் மிதிக்கச் சுகமான சாலை இதுதான். குமரலிங்கத்தில் யாரும் சொல்லாமலே எல்லோரும் நிறுத்தினோம். சங்கரின் ஊர். 2016 மார்ச் 13 அன்று, பட்டப்பகலில், உடுமலைப் பேருந்து நிலையம் அருகே சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார், உடனிருந்த கௌசல்யா படுகாயமடைந்தார். சைக்கிளைப் பெயர் சொல்லிக் காத்த அந்தச் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்து ஏழு வாரம்கூட முடிந்திருக்கவில்லை. 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. 2020 ஜூனில் உயர்நீதிமன்றம் கௌசல்யாவின் தந்தையை விடுவித்தது, ஐந்து பேரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. பிளஸ் டூ தங்கைக்கு அப்போது விவரம் தெரியாத வயது. அவளுக்கு முழுவதையும் சொன்னது டெய்லர் தம்பி. அவள் எதுவும் கேட்கவில்லை. அவளை நேற்று நடுத்தெருவில் தனியாக விட்டுவிட்டுப் பின்னால் உருட்டி வந்தவர்கள் நாங்கள் என்பது அங்கே நிற்கும்போதுதான் முழுதாக உறைத்தது.

மூன்றாம் நாள் விடிகாலை நாலரைக்கு அத்தை வீட்டிலிருந்து கிளம்பினோம். ஊர்த்தெரு இருட்டாக இருந்தது, திண்ணைகள் காலி. ஏழு பேரும் ஏறியே மிதித்தோம். அதைக் கணக்கில் சேர்க்கலாமா என்று பல்லடம் வரும்வரை வாக்குவாதம். "சேராது" என்றாள் தங்கை.

வைகாசியில் அத்தை வீட்டில் காதுகுத்து. மாமா போன் செய்திருந்தார். பகலோடு வந்து சேர்ந்துவிடச் சொன்னார்.