மீன் மருந்து மீனுக்குத்தான்

அக்சலோட்டல் மீன் இல்லை. மீன் தொட்டிகளுக்கு நடுவில் வைத்து விற்பதால் பலர் அப்படி நினைக்கிறார்கள். தவளையைப் போல இதுவும் ஓர் ஈரூடகவாழி. மெக்சிக்கோ நகரத்துச் சொச்சிமில்கோதான் இதன் சொந்த இடம். வெளியே தெரியும் பூக்களோடு ஆயுள் முழுக்கத் தண்ணீரிலேயே வாழும். 16 - 18 பாகைத் தண்ணீர்தான் தோதானது. அதனால் எங்கட மலைநாட்டுக் குளிர் இதற்குச் சரிவருகிறது.

தரம் 9 மாணவர் ஒருவர் வீட்டில் ஒன்றை வளர்க்கிறார். "டீச்சர், இதுக்கு நூல் முளைச்சிருக்கு" என்று ஒருநாள் படம் அனுப்பினார். பூக்களுக்குக் கிட்ட வெள்ளை நூல் மாதிரி, நுனியில் இரண்டாகப் பிரிந்து தொங்கியது. அது நங்கூரப் புழு. பெயர்தான் புழு, உண்மையில் இறால், நண்டு வகையறா. தலையைச் சதைக்குள் நங்கூரம் போல மாட்டிக்கொள்ளும். தொங்கிய இரண்டும் முட்டைப் பைகள். தீனிக்காக வாய்க்காலில் பிடித்துப் போட்ட சின்ன மீன்களோடு வந்திருக்க வேண்டும்.

கடையில் ஒரு மீன் மருந்தைக் கொடுத்து, "ஊத்துங்க, எல்லாம் செத்துடும்" என்றார்களாம். எல்லாம் என்றால் அக்சலோட்டலும்தான். மீனுக்குச் செதில் இருக்கிறது. இதன் தோலோ தண்ணீரில் இருப்பதை அப்படியே உறிஞ்சும். செம்பு, மலக்கைட் பச்சை கலந்த மருந்துகள் இதற்கு ஆபத்து.

மிருக வைத்தியரிடம் கேட்டுச் செய்தோம். நுண்ணிய இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து, மெதுவாக இழுத்தெடுத்தார் பிள்ளை. பிறகு குளோரின் நீங்கிய, அதே குளிருள்ள ஒரு லீற்றர் தண்ணீரில் அயடீன் கலக்காத உப்பு இரண்டு தேக்கரண்டி. அதில் 10 நிமிடம், நாளுக்கு இரண்டு தரம். உப்பு புண்ணுக்கு உதவும், சதைக்குள் மாட்டியதைக் கழற்றாது. முட்டை பொரித்த குஞ்சுகள் தண்ணீரில் நீந்தும் என்பதால், தொட்டியைக் காயவைத்துவிட்டு, ஒரு பேசினில் நாளாந்தம் முழுத் தண்ணீரையும் மாற்றினார். குளிரில் அவை மெதுவாக வளரும். ஆகவே பல வாரப் பொறுமை தேவைப்பட்டது.

இடையில் வீட்டில் ஒருவர், "இவ்வளவு கஷ்டம் எதுக்கு, ஆத்துல விடுங்க. பூனையைக் கட்டிப்போட்ட பெண்ணின் ஹதீஸ் தெரியாதா?" என்றாராம். பிள்ளை குழம்பிப் போய் என்னிடம் கேட்டார். அந்தப் பூனையை விட்டிருந்தால் தன் இரையைத் தானே தேடியிருக்கும். இந்தப் பிராணிக்கு எங்கட ஆறு சொந்தமில்லை. அத்தோடு, நோயோடு விட்டால் அது மற்றவைக்கும் போகும். இலங்கையில் 100க்கு மேற்பட்ட தவளை இனங்கள் இருக்கின்றன, பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லை. ஒன்றுக்கு இரக்கம் காட்டப்போய் மற்றதுக்கு அநியாயம் செய்ய முடியாது. வாங்கியவருக்கு அது அமானிதம்.

அல்ஹம்துலில்லாஹ், புண் ஆறிவிட்டது. வளர்க்கிறவர்கள் தயவுசெய்து வாய்க்கால் மீனைத் தீனியாகப் போடாதீர்கள். மண்புழு போதும். மருந்துப் போத்தலைத் திறக்க முன் மிருக வைத்தியரைக் கேளுங்கள்.