முதலில் காது, பிறகு கை

தரையில் பத்து முதலைகள் வரிசையாகக் கிடந்தன. பச்சை மணிலா அட்டையில் வெட்டி, முதுகில் எண் ஒட்டி, மிதித்தால் வழுக்காதபடி ஓரங்களை ஒட்டுநாடாவால் தரையோடு பிணைத்திருந்தார்கள். இந்தக் கரையில் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள். அந்தக் கரையில், ஒரு நாற்காலியின் மேல், பிளாஸ்டிக் பழக்கூடை. நடந்துகொண்டிருந்தது சாங் கஞ்சில் கதை. மலேசியாவில் வளரும் பிள்ளைகளுக்கு இந்தச் சருகுமானை அறிமுகப்படுத்தவே வேண்டாம். அக்கரையில் பழம் பழுத்திருக்கும். ஆறு நிறைய முதலைகள். “அரசர் உங்களுக்கு விருந்து வைக்கிறார், எத்தனை பேர் என்று எண்ணிவரச் சொன்னார்” என்று புளுகி, முதலைகளை வரிசையில் நிற்கவைத்து, ஒவ்வொன்றின் முதுகிலும் கால்வைத்து எண்ணியபடியே அது ஆற்றைக் கடந்துவிடும்.

ஒரு சிறுமி தாவினாள். “ஒன்… டூ… த்ரீ…” என்று வகுப்பு முழுவதும் எண்ணியது. ஐந்தாவது முதலையில் ஆசிரியை கையை உயர்த்தினார். எண்ணிக்கை நின்றது. சிறுமி ஒற்றைக் காலில் தள்ளாடிக்கொண்டே குனிந்து, அட்டை முதலையைப் பார்த்து, “ஆர் யூ ஹங்ரி?” என்று கேட்டாள். முதலையாக நியமிக்கப்பட்டிருந்த பையன் இரு கைகளையும் வாயாக விரித்து, “யெஸ்! ஐ ஆம் வெரி ஹங்ரி!” என்று உறுமினான். அந்தக் கேள்வியையும் பதிலையும் யாரும் கரும்பலகையில் எழுதிப்போடவில்லை, மனப்பாடம் செய்யச் சொல்லவும் இல்லை. வாரத் தொடக்கத்திலிருந்து கதைக்குள்ளேயே கேட்டுக்கேட்டு அவை அந்தப் பிள்ளைகளின் வாய்க்கு வந்திருந்தன.

கதை, பாட்டு, விளையாட்டு மூலம் சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வேலையை நேரில் பார்க்கத்தான் பாகான் செராய் போயிருந்தேன். பேரா மாநிலத்தின் வடமேற்கில், கிரியான் மாவட்டத்தில் இருக்கும் ஊர் அது. 1906இல் புக்கிட் மேரா நீர்த்தேக்கம் முடிந்து கால்வாய்களில் தண்ணீர் ஓடத் தொடங்கியதிலிருந்து சுற்றிலும் நெல்வயல். அதற்கு முன்பே கரும்புத் தோட்டங்களுக்காகத் தமிழர்கள் இங்கே வந்துவிட்டார்கள். கரும்பு போய்க் கித்தா வந்தது. கித்தா போய்ச் செம்பனை வந்தது. லயத்து வீடுகளில் இருந்த குடும்பங்களில் பெரும்பாலானவை இப்போது தாமான்களில் இருக்கின்றன. நான் பார்த்த பாலர் வகுப்பு, ஒரு தமிழ்ப்பள்ளியோடு சேர்ந்தது. அரசாங்கப் பாலர் பள்ளிகளில் வகுப்புக்கு அதிகபட்சம் 25 பிள்ளைகள், ஓர் ஆசிரியர், ஓர் உதவியாளர். இங்கும் அப்படித்தான். பிள்ளைகளின் பெற்றோர் பலர் விடியுமுன் ஃபேக்டரி பஸ் ஏறிப் பிறைக்கும் பினாங்குக்கும் போகிறவர்கள். பள்ளிக்குக் கொண்டுவந்து விடுவதும் திரும்ப அழைத்துப்போவதும் பாட்டி தாத்தாக்கள்.

அந்தத் தாத்தா பாட்டிகளின் காலத்தில் ஆங்கிலம் துரை பேசியது, கிராணி எழுதியது. பெரட்டில் நின்றவர்களுக்கு அது தேவைப்படவில்லை. இன்று ஃபேக்டரி நேர்முகத் தேர்விலேயே அது நிற்கிறது. ஆகவே வீட்டில் கவலை இருக்கிறது, அதற்கு நியாயமும் இருக்கிறது. அரசாங்கக் கொள்கையும் அந்தக் கவலையைத் தணிக்கும்படி ஒரே நிலையில் நின்றதில்லை. 2003இல் முதலாம் ஆண்டிலிருந்தே அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறின. 2009இல் அதைக் கைவிட முடிவெடுத்து, 2012 முதல் படிப்படியாக விலக்கினார்கள். 2011இல் வந்த தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம், பாட்டு, கதை, நடிப்பு எல்லாவற்றையும் மொழிக்கலை என்ற தனிப் பகுதியாக ஆங்கிலப் பாடத்துக்குள் சேர்த்தது. 2021இல் யூபிஎஸ்ஆர் தேர்வே நீக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் எழுதி நிரப்பும் பயிற்றிதான் படிப்பு என்ற எண்ணம் வீடுகளில் இன்னும் அசையவில்லை. கதை, பாட்டு, விளையாட்டு எல்லாம் படிப்புக்கு முன்னால் கொடுக்கும் மிட்டாய் என்றே நினைக்கிறோம். நான் பார்த்த வரையில் அவையேதான் பாடம். அவற்றைத் திறமையாக நடத்துவது ஒரு தொழில். பயின்று வரவேண்டிய தொழில்.

அந்தத் தொழிலின் முதல் நுட்பம் வரிசை. ஒரு கதை, ஒரு வாரம். திங்கள்கிழமை பிள்ளைகள் கேட்க மட்டும் செய்கிறார்கள். ஆசிரியை முகத்தாலும் கையாலும் விரல் பொம்மையாலும் சொல்கிறார். செவ்வாய்க்கிழமை அதே கதை. இப்போது பிள்ளைகளின் உடம்பும் சேர்ந்துகொள்கிறது. முதலை என்றால் கை விரியும், ஆறு என்றால் விரல்கள் அலையும். புதன்கிழமை, திரும்பத் திரும்ப வரும் ஒரு வாக்கியத்தை மட்டும் அவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். வியாழன் நடிப்பு. வெள்ளிக்கிழமை கதை பிள்ளைகள் கைக்குப் போய்விடுகிறது. ஆசிரியை மறந்தவர்போல நடித்து அவர்களிடம் கேட்கிறார். “ஒரே கதைன்னா பிள்ளைங்களுக்குச் சலிக்காதா?” என்றேன். “பெரியவங்களுக்குத்தான் சலிக்கும் சார். அடுத்து என்ன வரும்னு முன்னாடியே தெரிஞ்சாத்தான் அவங்களுக்குத் தைரியமே வரும்” என்றார்.

கதையைத் தேர்வதிலும் கணக்கு இருக்கிறது. ஒரே வாக்கியம் பலமுறை வரவேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு சொல்தான் மாறவேண்டும். எரிக் கார்லின் பசித்த கம்பளிப்புழுக் கதை 1969இல் வந்து இன்றும் உலகெங்கும் பாலர் வகுப்புகளில் நிற்பது இந்தக் கட்டமைப்பால்தான்: கிழமை மாறும், பழம் மாறும், எண்ணிக்கை ஏறும், பசி மட்டும் மாறாது. இந்த ஆசிரியை அதே வார்ப்பில் சாங் கஞ்சிலை மாற்றிக்கொண்டிருக்கிறார். 2018 முதல் முதலாம் ஆண்டு ஆங்கிலப் பாடநூலாக வந்த ‘சூப்பர் மைண்ட்ஸ்’ கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகத்தின் வெளியீடு. அது நம் ஊர்ப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டதன்று. பாலர் வகுப்பிலேயே ஆற்றையும் முதலையையும் ஆங்கிலத்தில் கடந்துவிட்ட பிள்ளை, அந்தப் புத்தகத்தின் அந்நியப் பக்கங்களைக் கண்டு மிரளாது என்பது அவருடைய நம்பிக்கை.

பாட்டிலும் இதே கவனம். வகுப்பில் தொலைக்காட்சித் திரை இருந்தது. பாட்டு நேரத்தில் அதை அணைத்தே வைத்திருந்தார். “வீடியோ யாருக்காகவும் நிக்காது சார், நான் நிப்பேன்” என்றார். அவர் பாடும்போது அது புரிந்தது. முதல் தடவை மெட்டை இழுத்து மெதுவாகப் பாடினார். அடுத்த தடவை ஒவ்வோர் அடியின் கடைசிச் சொல்லையும் விழுங்கிவிட்டுப் புருவத்தை உயர்த்தினார். பிள்ளைகள் அந்தச் சொல்லைப் போட்டு இடைவெளியை நிரப்பினார்கள். அதற்கடுத்த தடவை பாதி அடியை விட்டார். இப்படிக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் அவர் தாளம் மட்டும் தட்டினார், பாட்டு பிள்ளைகளிடமிருந்து வந்தது. ஆங்கிலத்தில் எந்த அசை அழுந்தும், எது தேயும் என்பதை விதியாகச் சொன்னால் ஐந்து வயதுக்குப் புரியாது. கைத்தட்டு எங்கே விழுகிறதோ அங்கே அசை அழுந்துகிறது.

விளையாட்டில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் ஒரு முறையை ஆராய்ந்து முன்வைத்தார்: புது மொழியைக் கற்பவர் முதலில் கட்டளையைக் கேட்டு உடம்பால் செய்யட்டும், பேச்சு தானாக வரும்போது வரட்டும். குழந்தை தாய்மொழியைக் கற்பதே அப்படித்தான். “பந்தை எடு” என்றால் எடுக்கும் வயதில் அதற்குப் “பந்து” என்று சொல்ல வராது. இந்த வகுப்பில் ஒரு பையன். பள்ளி திறந்ததிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு சொல்கூடப் பேசவில்லை என்றார்கள். “டச் யுவர் நோஸ்”, “ஜம்ப் டூ டைம்ஸ்”, “கிவ் த ரெட் பால் டு யுவர் ஃப்ரெண்ட்” என்று ஆசிரியை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார். வாயாடிப் பிள்ளைகள் சிலர் தடுமாறி உட்கார்ந்தார்கள். அந்தப் பையன் கடைசிவரை நின்றான். நீலப் பந்தையும் சிவப்புப் பந்தையும் பார்த்து, சிவப்பை எடுத்து, பக்கத்தில் இருந்தவனிடம் கொடுத்தான். ஆசிரியை கைதட்டினாரே தவிர, “இப்போ சொல்லு பார்ப்போம்” என்று அவனை நெருக்கவில்லை. அந்தப் பொறுமையைக் கற்றுக்கொள்ள ஆண்டுகள் பிடித்தன என்று பிறகு சொன்னார். பேசாத பிள்ளையை மந்தம் என்று முத்திரை குத்தும் வழக்கம் நம் பள்ளிகளில் இருக்கிறது. அவன் காதுக்குள் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை ஒரு பந்து காட்டிவிட்டது.

ஒரு துணிப்பை விளையாட்டும் உண்டு. பைக்குள் கையை விட்டுத் தடவி, பொருளின் பெயரைச் சொல்லவேண்டும். உள்ளே இருந்தவை தேங்காய்ச் சிரட்டை, கித்தாக் கொட்டை, பாட்டியின் பாக்குவெட்டிக்குப் பதிலாக அட்டையில் செய்த ஒன்று, ஃபேக்டரி பாஸ் மாட்டும் கழுத்துப் பட்டை. நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர் 1963இல் வெளிவந்த தம் நூலில், பிள்ளை முதலில் படிக்கும் சொற்கள் அதன் சொந்த வாழ்க்கையிலிருந்து, அதன் பயத்திலிருந்தும் ஆசையிலிருந்தும் வரவேண்டும் என்று வலியுறுத்தினார். பாகான் செராயில் அதைக் கண்ணால் கண்டேன். கழுத்துப் பட்டையைத் தொட்டதும் ஒரு சிறுமி, “எங்கம்மாவோடது!” என்று தமிழில் கத்தினாள். ஆசிரியை கண்டிக்கவில்லை. “யெஸ், இட்ஸ் லைக் யுவர் மதர்ஸ்” என்று அவள் சொன்னதையே ஆங்கிலத்தில் திருப்பிக் கொடுத்தார். அடுத்து வந்த பிள்ளை சிரட்டையைத் தொட்டு, “லைக் மை பாட்டிஸ்” என்றது.

இங்கேதான் தமிழின் இடம் வருகிறது. வகுப்பில் தமிழைத் தடைசெய்தால் ஆங்கிலம் வேகமாக வரும் என்று நம்புகிறவர்கள் நம்மிடையே பலர். கனடாவின் ஜிம் கம்மின்ஸ் 1979 முதலே வாதிட்டுவருவது இதற்கு நேர் எதிரானது: முதல் மொழியில் உறுதியாகப் பிடித்த கருத்து இரண்டாம் மொழிக்குத் துணையாகக் கூடவே வரும். கதையில் ஏமாற்று எது, காரணம் எது, அடுத்து என்ன என்று தமிழில் யோசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் தேவைப்படுவது புதுச் சொற்கள் மட்டுமே. யோசிக்கும் பழக்கம் ஏற்கெனவே கையில் இருக்கிறது.

எழுத்துக்கு வரும்போது வேலை நுணுக்கமாகிறது. தமிழில் ‘ப’ என்ற ஒரே எழுத்து இரண்டு ஒலிகளைத் தாங்கும். ஆங்கிலத்தில் அவை தனித்தனி. ஆசிரியை ஒரு மெல்லிய காகிதக் கீற்றை ஒவ்வொரு பிள்ளையின் வாய்க்கு முன்னும் தொங்கவிட்டார். ‘பென்’ என்று சரியாகச் சொன்னால் மூச்சு பட்டுக் காகிதம் படபடக்கும். ‘பேட்’ என்று மட்டையைச் சொன்னால் அவ்வளவாக அசையாது. காதுக்குப் பிடிபடாததைக் கண் காட்டிக்கொடுத்தது. மலேசியப் பிள்ளைகளுக்கு இன்னொரு முடிச்சும் உண்டு: மலாய் மொழியும் அதே ரோமன் எழுத்தில்தான். மலாயில் சி என்ற எழுத்துக்கு எப்போதும் ‘ச’ ஒலி. ஆகவே பூனையைக் குறிக்கும் மூன்றெழுத்தைக் காட்டினால் சில பிள்ளைகள் ‘சாட்’ என்று படிக்கிறார்கள். மலாயில் அது வண்ணப்பூச்சு. இது முட்டாள்தனம் இல்லை. கற்ற விதியை ஒழுங்காகப் பின்பற்றும் புத்திசாலித்தனம். ஆசிரியை மலாய்ச் சொற்களுக்கு மஞ்சள் மின்னட்டை, ஆங்கிலத்துக்கு நீல மின்னட்டை என்று பிரித்துவைத்திருக்கிறார். நீலத்தைக் கண்டதும் பிள்ளைகள் வாயை வேறுவிதமாகத் தயார்செய்கிறார்கள். கதையிலும் பாட்டிலும் பூனையைப் பலமுறை கேட்டிருப்பதால், படித்தது தவறு என்பதை அவர்கள் காதே சொல்லிவிடுகிறது. காது முந்திக்கொண்டால் கையும் கண்ணும் பின்னால் வந்து சேரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பன்னிரண்டு மணிக்குப் பாட்டிமார்கள் வந்தார்கள். “பசியாறிட்டியாய்யா?” என்று பேரனைக் கேட்டுவிட்டு, ஒரு பாட்டி ஆசிரியையிடம், “டீச்சர், இன்னிக்கும் பயிற்றியில ஒன்னும் எழுதலியே?” என்றார். குரலில் குறை இல்லை, கவலைதான் இருந்தது. ஆசிரியை பையனைப் பார்த்து, “ஆச்சிக்கு முதலை கதையைச் சொல்லிக் காட்டு கண்ணு” என்றார். அவன் சடக்கோரத்திலேயே ஒன்றிலிருந்து பத்துவரை தாவினான், ஆங்கிலத்தில் முதலையிடம் நலம் விசாரித்தான், பழத்தைத் தின்றான். பாட்டிக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. கதை முழுவதும் புரிந்தது. “அட, சாங் கஞ்சிலு!” என்று சிரித்தார்.

பிள்ளைகள் போனபின் ஆசிரியையும் உதவியாளரும் முதலைகளைப் பெயர்த்து அடுக்கினார்கள். ஒரு வாரக் கதைக்கு முந்தின வாரம் முழுவதும் இரவில் வெட்டி ஒட்டுகிறார்கள். அட்டையும் பசையும் பெரும்பாலும் சொந்தக் காசு. நடிப்பு, குரல், தாளம், ஒலியியல், குழந்தை உளவியல் எல்லாம் தெரிந்திருக்கவேண்டிய இந்த வேலையை ஊர், “சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது” என்கிறது. தோட்டத்தில் ஆயாக்கொட்டகையைப் பார்த்த அதே கண்ணால் பாலர் பள்ளியையும் பார்க்கிறோம். ஆறாம் ஆண்டு ஆசிரியருக்குக் கிடைக்கும் மாலை மரியாதை இவர்கள் பக்கம் வருவதில்லை. ஆறாம் ஆண்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளையின் வாயை முதலில் திறந்தவர்கள் இவர்கள்தான்.

பள்ளி வாரியங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் கட்டடத்துக்கும் கணினி அறைக்கும் நிதி திரட்டுவதைப் பார்க்கிறேன், நல்லதுதான். அந்த நிதியில் ஒரு பங்கு பாலர் வகுப்பின் கதைப் புத்தகங்களுக்கும், அட்டைக்கும், அந்த ஆசிரியைகள் ஒருவர் வகுப்பை மற்றவர் போய்ப் பார்த்துப் பழகும் பயிற்சிக்கும் போகட்டும். பெற்றோர் செய்யவேண்டியது அதைவிட எளிது, செலவும் இல்லை. பள்ளி விட்டு வரும் பிள்ளையிடம் எத்தனை பக்கம் எழுதினாய் என்று கேட்பதை நிறுத்துவோம். இன்றைக்கு என்ன கதை என்று கேட்போம். எந்த மொழியில் சொன்னாலும் முழுவதும் கேட்போம்.