ஜல்லி ரோட்டில் ஒரு சைக்கிள் சவாரி

புதுக்கோட்டை மாவட்டத்தில் பனிக்கட்டி விழுவதெல்லாம் கிடையாது. மார்கழியில் விடியற்காலைப் பனி கொஞ்சம் இறங்கும். பெரிசுகள் காதை மூடி மஃப்ளர் கட்டிக்கொள்வார்கள். அத்தோடு சரி. ஆனால் சைக்கிள்காரனின் கஷ்டத்தில் நமக்கும் நார்வேக்காரனுக்கும் அதிக வித்தியாசம் இல்லை. அங்கே பனிக்காலத்தில் வண்டி வழுக்காமல் இருக்க ரோட்டில் பொடிக்கல் தூவுவார்கள். பனி உருகிப் போய்விடும். கல் போகாது! வெயில் வந்துவிட்டதே என்று ஆசையாகச் சைக்கிளை எடுக்கிறவன் அந்தக் கல்லில்தான் சறுக்குவான்.

நமக்குப் பனிக்குப் பதில் ஐப்பசி, கார்த்திகை அடைமழை. மழை போய்விடும். ஜல்லி போகாது.

பொங்கல் கழிந்த கையோடு இந்த மாவட்டத்தைச் சைக்கிளில் சுற்றிப் பாருங்கள். கண்மாய்களில் தண்ணீர் நிற்கும். வெயில் அவ்வளவாக உறைக்காது. சித்தன்னவாசல், குடுமியான்மலை, நார்த்தாமலை என்று திரும்பிய பக்கமெல்லாம் பாறையும் குன்றும். ஒரே ஒரு நிபந்தனை: மலையைப் பார்க்க வேண்டுமென்றால் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஓட்டும்போது கண் முன்சக்கரத்தை விட்டு நகரக்கூடாது. சித்தன்னவாசல் குகையில் தாமரைக் குளத்து ஓவியம் கூரையிலேயே ஆயிரம் வருஷத்துக்கு மேல் நிற்கிறது. கிராமத்து ரோடு இரண்டு மழைக்கு நிற்பதில்லை.

ரோடு எப்படிக் கெடுகிறது என்பது ஒரு தனி வேடிக்கை. முதலில் ஓரத்து மண் கரையும். தாரின் விளிம்பு படிக்கட்டு மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கும். லாரிச் சக்கரம் அதன் மேல் ஏறினால் விளிம்பு உடையும். விரிசல் வழியே தண்ணீர் உள்ளே இறங்கி அடிமண் இளகும். அப்புறம் போகிற வண்டியெல்லாம் ஜல்லியை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வெளியே எறியும். எங்கே எறியும்? ரோட்டோரத்தில். சைக்கிள் எங்கே போகும்? அதே ரோட்டோரத்தில்!

அடுத்து ரிப்பேர் வைபவம். முறைப்படி ஒன்றரை ஜல்லியைப் பரப்பி, கிராவல் கொட்டி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டி, அதற்குமேல் தார் போட வேண்டும். நான் போன ஒரு கிராமத்து ரோட்டில் ஜல்லியைப் பரப்பியதோடு நிறுத்தியிருந்தார்கள். கிராவலும் ரோலரும் எப்போது வரும் என்று டீக்கடையில் கேட்டேன். "ஜல்லி வந்ததே பெருசு தம்பி" என்றார் கடைக்காரர்.

அந்த ரோட்டில்தான் அந்த அக்காவைப் பார்த்தேன். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஜென்ட்ஸ் சைக்கிள், பின்னால் கேரியரில் ஈரச்சாக்கு மூடிய கீரைக்கட்டு. ஜல்லி ஆரம்பிக்கிற இடத்தில் இறங்கி, தள்ளிக்கொண்டு நடந்தார். நானும் இறங்கிக்கொண்டேன்.

"பஸ்ல போகலாமேக்கா? லேடீஸுக்கு டவுன் பஸ்ல டிக்கெட்டே கிடையாதே!"

"டிக்கெட் இல்ல தம்பி. பஸ்ஸும் இல்ல. ஏழு மணிக்குத்தான் வரும். கீரைக்கு அஞ்சரைக்கே ஆளு வந்து நிக்கும்."

"சைக்கிள் எப்பக் கத்துக்கிட்டீங்க?"

"கலெக்டரம்மா காலத்துல" என்றார், ஏதோ ராஜராஜசோழன் காலத்தில் என்கிற மாதிரி.

அவர் சொன்ன கலெக்டரம்மா ஷீலா ராணி சுங்கத். 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கி, கிராமத்துப் பெண்களுக்கு எழுத்தறிவோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தாலும், அடுத்த ஊருக்குப் போக அப்பாவையோ அண்ணனையோ எதிர்பார்த்து நிற்க வேண்டியிருந்தால் என்ன பிரயோஜனம்? லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றுக்கொண்டார்கள் என்று அந்தச் சமயத்தில் இங்கே வந்து எழுதிய பத்திரிகையாளர் பி.சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். வயல் வேலைக்காரர், நர்ஸ், அங்கன்வாடி ஊழியர், கல்குவாரித் தொழிலாளி என்று எல்லோரும் ஏறினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்கவில்லையென்றால் ஜென்ட்ஸ் சைக்கிள். அதில் ஒரு சௌகரியமும் இருந்தது: முன் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம். ரோட்டுக்கு ஜல்லி உடைத்த கைகள், அதே ரோட்டில் ஹேண்டில்பாரைப் பிடித்தன.

ஊர் சும்மா இருக்குமா? கேலி, கிண்டல், விசில்! "விழுந்தா சிரிப்பாங்க. விழாமப் போனா அதுக்கும் ஏதாச்சும் சொல்வாங்க. அதையெல்லாம் தாண்டி வந்தாச்சு தம்பி. இந்தக் கல்லைத்தான் தாண்ட முடியல" என்றார் அக்கா.

பி.காம். படித்தவனுக்கு எல்லாவற்றையும் பற்று-வரவாகப் பார்க்கிற வியாதி உண்டு. அந்த ஜல்லித் துண்டைத் தள்ளிக்கொண்டு கடக்க எங்களுக்குக் கால்மணி நேரம் ஆனது. போக, வர அரைமணி. அந்த அரைமணியில் முதல் வாடிக்கை வேறு யாரிடமாவது கீரை வாங்கிக்கொண்டு போய்விடும். இது எந்தக் கான்ட்ராக்டர் பில்லிலும் ஏறாத செலவு. இது தவிர சைக்கிளின் தேய்மானம் தனி. கல்பொடி செயின் எண்ணெயில் ஒட்டிக்கொண்டு அரம் மாதிரி அராவும். செம்மண் சேறு மட்கார்டுக்குள் காய்ந்து சக்கரத்தைப் பிடிக்கும்.

ஜல்லியில் ஓட்டியே தீர வேண்டியவர்களுக்கு ஒரு சைக்கிள் கடை அண்ணன் சொன்ன வைத்தியம்: டயரில் காற்றை ஒரு சிட்டிகை குறைத்துக்கொள். முன் பிரேக்கை மறந்துவிடு. பின் பிரேக்கை மட்டும், அதுவும் பதமாகப் பிடி. திரும்பும்போது சாயாதே. ஹேண்டில்பாரை இறுக்காதே, அது கொஞ்சம் ஆடத்தான் செய்யும், விடு. வீட்டுக்கு வந்ததும் செயினை மண்ணெண்ணெயில் துடைத்துவிட்டு எண்ணெய் விடு. துடைக்காமல் எண்ணெய் விடுவது மண்ணுக்குச் சோறு போடுகிற மாதிரி. "கல்யாணமான புதுசுல வீட்ல நடந்துக்கற மாதிரிதான் தம்பி. எதையும் திடீர்னு செய்யக்கூடாது!"

சைக்கிளெல்லாம் இந்தக் காலத்தில் யார் சார் ஓட்டுகிறார்கள் என்று கேட்பீர்கள். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் இந்த மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது, மரங்கள் விழுந்து ரோடெல்லாம் அடைபட்டுக் கிடந்தது. காரையும் பைக்கையும் அடிமரத்துக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் வைக்க முடியுமா? சைக்கிளை முடியும். இன்றைக்கும் பிளஸ் ஒன் பிள்ளைகள் அரசாங்கம் கொடுத்த சைக்கிளில்தான் இந்த ஜல்லியைக் கடக்கிறார்கள். வேறு வழி இருக்கிறவர்கள் பைக் வாங்கிவிட்டார்கள். இல்லாதவர்கள்தான் ஓரத்தில் மிச்சம்.

ரோடு போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜல்லியைக் கொட்டுகிற அன்றே ரோலருக்கும் சொல்லி வையுங்கள். ஒட்டுப்போட்ட இடத்தில் சிதறிய கல்லை ஓரத்திலிருந்து பெருக்கி எடுக்க மெஷின் வேண்டாம், ஒரு விளக்குமாறு போதும்.

ஆபீஸுக்கு நேரமாகிவிட்டதென்று பைக்கில் பறக்கும் தம்பிகளுக்கு இன்னொன்று. நல்ல தார் நடுவில் ஒரு கோடு மாதிரி மிச்சமிருக்கும் ரோட்டில், முன்னால் ஒரு சைக்கிள் போனால் பின்னாலிருந்து ஹாரன் அடிக்காதீர்கள். அடித்தால் அவர் ஜல்லியில்தான் இறங்க வேண்டும். உங்கள் பைக்குக்கு நூறு சி.சி. இருக்கிறது, அவருக்கு இரண்டு முழங்கால். கொஞ்ச நேரம் தாரை அவரிடம் விட்டுவிட்டு நீங்கள் ஜல்லியில் இறங்கிப் போங்கள். ஆபீஸில் ஐந்து நிமிஷம் லேட்டானால் மேனேஜர் முறைப்பார், அவ்வளவுதானே? கீரை வாடினால் யாரும் வாங்க மாட்டார்கள்.