புகைக்குழாயில் ஒரு சாட்சி

2014ஆம் ஆண்டு தொடங்கி ஐந்து ஆண்டுகள் அமெரிக்க நாட்டின் மிச்சிகன் மாநிலத்தில் பங்குப்பணி ஆற்றும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. டெட்ராய்ட் மாநகரிலிருந்து வடமேற்காகப் புறப்படும் உட்வர்ட் அவென்யூ என்னும் நெடுஞ்சாலை, போன்டியாக் என்னும் ஊரைச் சென்று சேர்கிறது. அச்சாலையை ஒட்டிய பங்கு ஒன்றில் நான் இருந்தேன். அங்கே ஞாயிறுதோறும் திருப்பலிக்கு வந்து, இரண்டாவது வரிசையில் அமர்ந்து, என் மறையுரை முழுவதற்கும் தலையசைத்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரைப் பற்றியும், அவருடைய மோட்டார் வண்டியைப் பற்றியும் சொல்ல விழைகிறேன். மறையுரை ஆற்றுவோர்க்குத் தலையசைக்கும் ஒருவர் வாய்ப்பது எத்துணை ஆறுதல் என்பதை என் உடன் குருக்கள் அறிவர். என் ஆங்கிலம் அம்மக்களின் செவிக்குப் பழக்கமில்லாதது. ஆகவே அவர் முகத்தைப் பார்த்தே பேசப் பழகிக்கொண்டேன்.

அவர் அவ்வட்டாரத்து ஆலை ஒன்றில், இரும்புத் தகடுகளை அழுத்தி வளைக்கும் இயந்திரங்களின் நடுவே முப்பத்து நான்கு ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்தவர். 1967இல், தம் இருபத்தொன்றாம் வயதில் வாங்கிய போன்டியாக் ஜி.டி.ஓ. வண்டியை அன்றுபோலவே காத்து வந்தார். அவ்வூரின் பெயரையே தாங்கிய அந்நிறுவனம் 1964இல் தன் நடுத்தர வண்டி ஒன்றில் பெரிய வண்டிக்குரிய எஞ்சினைப் பொருத்தி ஜி.டி.ஓ. என்று பெயரிட்டது. 'மசில் கார்' எனப்படும் வலிமை மிக்க வண்டிகளின் காலம் அதிலிருந்தே தொடங்கியது என்று பலரும் சொல்வர். இளைஞர்கள் அதனை 'ஆடு' என்று செல்லமாக அழைத்தார்களாம். முதியவரின் வண்டியில் இருந்த எஞ்சின் 400 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ ஆறரை லிட்டர் கொள்ளளவு உடையது. 335 குதிரைத்திறன் கொண்டது. நம் நாட்டில் ஓடிய மாருதி 800 வண்டியின் எஞ்சின்கள் எட்டைச் சேர்த்தாலும் அதன் கொள்ளளவுக்குச் சற்றுக் குறையும். போன்டியாக் என்னும் வண்டிப் பெயர் 2010இல் மறைந்துபோயிற்று. அவருடைய ஆடு மட்டும் கொட்டகையில் உயிரோடிருந்தது.

அந்த எஞ்சினின் தலைமேல் நான்கு வாய்கள் கொண்ட கார்புரேட்டர் ஒன்று அமர்ந்திருந்தது. கார்புரேட்டரின் வேலை எளியது. எஞ்சின் உறிஞ்சும் காற்று ஒரு குறுகலான வழியே விரைந்து செல்லும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு, பக்கத்துச் சிறு தொட்டியில் நிற்கும் பெட்ரோலை நுண்துளை வழியாக இழுத்துக் காற்றோடு கலக்கிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று இருந்தால் இரண்டும் மிச்சமின்றி எரியும். ஆனால் துளையின் அளவு துளைத்தவர் துளைத்ததுதான். குளிர்ந்த காலையும் கொதிக்கும் நண்பகலும் அதற்கு ஒன்றே. நம் ஊரில் மழைக்காலக் காலையில் ஸ்கூட்டரின் சோக்கை இழுத்துப் பிடித்து உதைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே கார்புரேட்டருக்கு ஒரு மனிதச் செவி தேவைப்பட்டது. முதியவர் பானெட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, கார்புரேட்டரின் அடிப்புறத்தில் உள்ள இரு சிறு திருகாணிகளைத் திருப்புளியால் மெல்லத் திருகுவார். எஞ்சின் தடுமாறும் இடம் வரையில் உள்ளே; பிறகு ஓசை சீராகும் இடம் வரையில் வெளியே. அந்தத் தெருவில் பழைய வண்டி வைத்திருந்தோர் அனைவரும் ஒருகாலத்தில் அவரைத் தேடி வந்ததாக அவர் மகன் எனக்குச் சொன்னார்.

அந்த மகனுக்கும் தந்தைக்கும் ஒரு நீண்ட வழக்கு இருந்தது. கார்புரேட்டரை எடுத்துவிட்டு, கணினியால் இயங்கும் எரிபொருள் இன்ஜெக்ஷன் கருவியைப் பொருத்த வேண்டும் என்பது மகனின் விருப்பம். பழைய வண்டிகளுக்கென்றே அத்தகைய கருவிகள் இப்போது ஒரே பெட்டியில் அடக்கமாகக் கிடைக்கின்றன. தந்தை இணங்கவில்லை. "அதைப் பொருத்தினால் இது என் வண்டி அன்று" என்பார். அவர் பக்கமே நியாயம் என்று நானும் கருதினேன். பழையதைக் காப்பவர் மீது நம்மவர்க்கு இயல்பாகவே ஒரு பரிவு உண்டல்லவா!

ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை உட்வர்ட் சாலையில் பழைய வண்டிகளின் அணிவகுப்பு நடைபெறும். ஃபெர்ன்டேல் என்னும் ஊரில் கால்பந்துத் திடல் ஒன்றுக்கு நிதி திரட்டுவதற்காக 1995இல் தொடங்கிய விழா அது. 2017ஆம் ஆண்டு விழாவில் முதியவர் என்னைத் தம் வண்டியில் அமர்த்திக்கொண்டார். வெயில் கடுமையாக இருந்தது. வண்டிகள் ஆமைபோல ஊர்ந்தன. அத்தகைய வேளையில் எஞ்சினின் வெப்பம் மேலேறி, கார்புரேட்டர்த் தொட்டியில் உள்ள பெட்ரோலைக் கொதிக்க வைத்துவிடும். பத்து விழுக்காடு எத்தனால் கலந்த இக்காலப் பெட்ரோலுக்கு அது இன்னும் எளிது.

எஞ்சின் இருமத் தொடங்கியது எனக்கே தெரிந்தது. "வண்டி திணறுகிறதே" என்றேன். அவர் சாலையைப் பார்த்தபடியே தலையசைத்தார். அந்த அசைவை நான் அறிவேன். இரண்டாவது வரிசையில் ஞாயிறுதோறும் கண்ட அதே அசைவு. அடுத்த கணம் எஞ்சின் நின்றது. அவரோ நின்றதை அறியாமல் ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தார். பின்னால் ஒலிப்பான்கள் அலறின, அவர் திரும்பவில்லை. நான் அவர் தோளைத் தொட்டேன்.

வண்டியை நான்கு பேர் சாலையோரம் தள்ளினார்கள். நிழலில் அமர்ந்து, நெடுநேரம் கழித்து அவர் சொன்னார்: "ஃபாதர், ஆறு ஆண்டுகளாகவே எனக்குச் சரியாகக் கேட்பதில்லை. மகனிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்தத் திருகாணியைத் தொடும் தகுதி எனக்கு இல்லை என்றாகிவிடும்."

ஆறு ஆண்டுகள்! நான் அங்கு சென்று மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. அப்படியானால் என் மறையுரைகளில் ஒன்றுகூட அவர் செவியில் முழுமையாக விழவில்லை. நான் எவர் முகத்தைப் பார்த்து என் சொற்கள் சென்று சேர்ந்தன என்று நிறைவடைந்தேனோ, அவர் அன்பின் காரணமாகத் தலையசைத்திருக்கிறார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

வீடு திரும்பியதும் அவரே மகனிடம் அனைத்தையும் சொன்னார். பின்பு, "கார்புரேட்டர் கெடவில்லை; என் காதுதான் கெட்டது. உன் கருவியைக் கொண்டு வா" என்றாராம்.

குளிர்காலத்தில் மிச்சிகன் சாலைகளில் உப்புத் தூவுவார்கள். பழைய வண்டிகள் கொட்டகைக்குள் ஒடுங்கிவிடும். ஆகவே 2018ஆம் ஆண்டு வசந்தத்தில் வேலை தொடங்கியது. சனிக்கிழமைகளில் டார்ச் விளக்குப் பிடிப்பது என் பங்கு. பழைய பெட்ரோல் டாங்கைக் கழற்றி, உள்ளேயே மின்பம்பு பொருத்திய டாங்கை மாட்டினார்கள். கார்புரேட்டருக்குச் சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 6 பவுண்டு அழுத்தம் போதும். இன்ஜெக்டருக்கோ 58 பவுண்டு வேண்டும். எனவே குழாய்களும் மாறின. மிஞ்சும் பெட்ரோல் டாங்குக்கே திரும்ப ஒரு தனிக் குழாயும் வந்தது. பழைய கார்புரேட்டரின் வாய்கள் இரண்டு சிறியவை, இரண்டு பெரியவை. புதிய கருவியின் நான்கு வாய்களும் ஒரே அளவு. இடையில் ஒரு தகடு வைத்தே இரண்டையும் இணக்க முடிந்தது.

இறுதியாகப் புகைக்குழாயில் துளையிட்டு, ஒரு வளையத்தைப் பற்றவைத்து, அதில் விரலளவான ஆக்சிஜன் உணர்வியைத் திருகினார் மகன். "எதற்குக் கழிவு வெளியேறும் வழியில் கருவி?" என்று கேட்டேன். அவர் தந்த விளக்கம் இன்றும் என் நினைவில் உள்ளது. எத்தனை பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்று கணினி முதலில் கணிப்பது ஓர் உத்தேசமே. அந்த உத்தேசம் சரியா என்பதை அது புகையிடம் கேட்கிறது. புகையில் ஆக்சிஜன் மிஞ்சியிருந்தால் பெட்ரோல் குறைவு, இல்லையேல் மிகுதி. அந்தச் சாட்சியத்தைக் கேட்டு, ஒரு நொடிக்குள்ளேயே பலமுறை தன்னைத் திருத்திக்கொள்கிறது.

இவ்வறிவும் ஒரே நாளில் வந்ததன்று. 1958இல் கிரைஸ்லர் நிறுவனம் தன் வண்டிகள் சிலவற்றில் மின்னணு இன்ஜெக்ஷனை அளித்தது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னர்க் கார்புரேட்டரே திரும்பப் பொருத்தப்பட்டது. முதியவர் தம் வண்டியை வாங்கிய அதே 1967இல் ஜெர்மானிய பாஷ் நிறுவனத்தின் கருவி ஃபோக்ஸ்வாகன் வண்டியில் வந்தது. ஆயினும் புகையிடம் கேட்கும் உணர்வி, கலிபோர்னியாவில் விற்ற வால்வோ வண்டிகளில் இடம்பெற்றது 1976இல்தான். அளந்து ஊற்றக் கற்றுக்கொண்ட கருவி, கேட்கக் கற்றுக்கொள்ள மேலும் ஒன்பது ஆண்டுகள் ஆயின.

இனி வேலையின் கடைசி நாளுக்கு வருகிறேன். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் உறுமியது, உடனே அணைந்தது. மறுபடியும் அப்படியே. சிறு திரையில் எஞ்சினின் சுழற்சி எண் ஆயிரத்துக்கும் ஐயாயிரத்துக்கும் இடையே வெறிபிடித்தாற்போலத் தாவியது. மகன் ஒரு மணி நேரம் எண்களை மாற்றி மாற்றிப் பதிந்தார். அதுவரையில் எட்டி நின்ற தந்தை மெதுவாக அருகே வந்து, ஒரு கம்பியை விரலால் தொட்டார். "இது ஏன் இக்னிஷன் காயிலை உரசிக்கொண்டு போகிறது? அந்தக் காலத்தில் இப்படிக் கம்பி போனால் வண்டி ரேடியோ இரையும்."

அதுதான் குறை! தீப்பொறிக்காக எழும் உயர்ந்த மின்னழுத்தத்தின் இரைச்சல், உணர்விக் கம்பியில் புகுந்து கணினியைக் குழப்பியிருக்கிறது. கம்பியை விலக்கிக் கட்டினார்கள். எஞ்சின் பற்றியது, சற்றே ஏறி இறங்கி, தன்னைத் தானே சரிசெய்துகொண்டு, சீராக நின்றது. ஆலையின் இரைச்சலுக்குச் செவியைக் கொடுத்த மனிதர், இரைச்சலால் செவிடாகிப்போன கணினிக்குச் செவியை மீட்டுத் தந்தார். மகன் தந்தையின் கையைப் பற்றி ஓடும் எஞ்சினின் பக்கத்தில், வண்டியின் மேல்தகட்டில் வைத்தார். உள்ளங்கையால் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார் முதியவர். "நன்றாக இருக்கிறது" என்று அவர் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு டார்ச் விளக்குடன் நின்ற எனக்கு ஓர் உண்மை உறைத்தது. நான்தான் கார்புரேட்டர். குருமடத்தில் எனக்கு இட்ட துளையின் அளவு எதுவோ, அதே அளவில் எல்லா ஊருக்கும், எல்லாப் பருவத்துக்கும் இருபத்தைந்து ஆண்டுகளாக ஊற்றிக்கொண்டிருந்தேன். வெளியே சென்ற சொல் எரிந்ததா, வெறும் கரியாயிற்றா என்று ஒருநாளும் எவரிடமும் கேட்டதில்லை. இரவுதோறும் ஆன்ம சோதனை செய்தவன்தான். ஆனால் அங்கும் என்னைப் பற்றி என்னையே சாட்சியாக வைத்தேன். தலையசைப்பை மட்டும் கேட்டறிந்தவனுக்குத் தன் திணறல் எப்படித் தெரியும்?

அடுத்த வாரம் முதல் மறையுரையைப் பெரிய எழுத்தில் தட்டச்சுச் செய்து முன்கூட்டியே அவரிடம் தந்தேன். மூன்றாம் வாரம் அவர் அத்தாளைத் திருப்பித் தந்தார். இரண்டாம் பத்தியின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: "இது எனக்குப் புரியவில்லை." எனக்குச் சுருக்கென்றது. இருந்தும் அந்தப் பத்தியை மீண்டும் படித்துப் பார்த்தேன். எனக்கும் புரியவில்லை.

அவ்வாண்டு ஆகஸ்டில் ஆடு உட்வர்ட் சாலையில் ஒருமுறைகூட நிற்கவில்லை. முதியவர் இப்போது காதுக்கருவி அணிந்திருந்தார். கார்புரேட்டரை அவர்கள் எறியவில்லை. மண்ணெண்ணெயில் கழுவி, துணியில் சுற்றி, கழற்றிய போல்டுகளோடு ஒரு மரப்பெட்டியில் வைத்துக் கொட்டகையின் மேல்தட்டில் ஏற்றினார்கள். விரும்பினால் ஒரே நாளில் திரும்பப் பொருத்தலாம். நான் தாயகம் திரும்பும் முன் விடைபெறச் சென்றபோது, அந்தப் பெட்டி கீழே இறக்கப்பட்டிருந்தது. பதினைந்து வயதுப் பேரன் திருப்புளியைப் பிடித்திருக்க, முதியவர் அந்த இரு திருகாணிகளையும் அவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.