ரவாங் வீதியில் ஒரு திரைப்படப் பட்டப்படிப்பு

திரைப்படத் தயாரிப்பில் இளங்கலைப் பட்டம் என்பது, ஒரு கதை தாளில் எழுதப்படுவதிலிருந்து திரையில் ஓடும் வரையிலான வேலைகள் அத்தனையையும் செய்து பழகும் படிப்பு. மலேசியாவில் இது பெரும்பாலும் மூன்றாண்டுப் படிப்பு. மலேசியத் தகுதி முகமையின் வரையறைப்படி இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும். ஒரு கிரெடிட்டுக்கு 40 மணி நேர உழைப்பு என்பது கணக்கு. பெருக்கினால் 4,800 மணி நேரம். விரிவுரை அறையில் கழிவது இதில் ஒரு பங்குதான். மற்றது எழுத்து மேசையிலும் படப்பிடிப்புத் தளத்திலும் தொகுப்பறையிலும் செலவாகிறது. இயக்குநராகும் கனவோடு சேர்பவர்களே அதிகம். படிப்பு முதலில் கற்றுத்தருவதோ கூட்டு உழைப்பை.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இப்படிப்புக்குப் பல வாசல்கள் உண்டு. கோலாலம்பூர் துன் இஸ்மாயில் சாலையில் இருக்கும் அஸ்வாரா, 1994இல் தேசியக் கலைக்கழகமாகத் தொடங்கி 2006இல் இன்றைய பெயரைப் பெற்றது. அங்கே திரைப்படத்துக்கென்று தனிப் புலம் இருக்கிறது. ஷா ஆலத்தை அடுத்த புஞ்சாக் பெர்டானாவில் உள்ள மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகம் திரைப்படம், நாடகம், அசைவூட்டம் ஆகியவற்றுக்குப் பெயர்பெற்றது. ஆனால் அப்பல்கலைக்கழகம் பூமிபுத்ரா மாணவர்களுக்கானது. ஆகவே தமிழ் மாணவர் பலர் தனியார் நிறுவனங்களை நாடுகின்றனர்: சைபர்ஜெயாவில் மல்டிமீடியா பல்கலைக்கழகமும் லிம்கொக்விங்கும், பண்டார் சன்வேயில் சன்வே பல்கலைக்கழகமும் உள்ளன. எஸ்.பி.எம். பள்ளித் தேர்வை முடித்தபின் எஸ்.டி.பி.எம். மேல்நிலைத் தேர்வு, அடித்தளக் கல்வி, டிப்ளோமா ஆகிய வழிகளில் ஒன்றில் தேறிப் பட்டப்படிப்புக்கு வரலாம். அங்கீகாரம் பெற்ற படிப்பாக இருந்தால் பி.தி.பி.தி.என். எனும் அரசு உயர்கல்விக் கடனுக்கும் விண்ணப்பிக்கலாம்.

கல்லூரி எங்கே இருந்தாலும் படம் எடுக்கத் தெருவுக்குத்தான் வரவேண்டும். அப்படி வருவதற்கு ஏற்ற ஊர் ரவாங். கோலாலம்பூருக்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டரில், சிலாங்கூரின் கோம்பாக் மாவட்டத்தில் இருக்கிறது. ஈயத்தால் வளர்ந்த ஊர் இது. லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் 1894இல் இங்குள்ள தங்கள் ஈயச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். மலாயாவில் மின்சாரப் பயன்பாட்டின் தொடக்கமாக அதைச் சொல்வார்கள். பக்கத்திலுள்ள பத்து ஆராங்கில் 1960 வரை நிலக்கரி வெட்டினார்கள். ரப்பர்த் தோட்டங்கள் பல இன்று தாமான் எனப்படும் குடியிருப்புகளாகிவிட்டன. பழைய கடைவரிசை, ஈயக்குட்டை, ரயில் நிலையம், சுற்றுவட்டாரத்துக் கோயில், புதிய வீடமைப்புப் பகுதி எல்லாம் அருகருகே கிடைக்கின்றன. பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய கே.எல். சென்ட்ரலிலிருந்து கொமுட்டர் ரயிலில் வந்துவிடலாம். அதே தடம் கிள்ளான் வரை நீள்கிறது. லாரி வைத்துச் சாமான் ஏற்ற வசதியில்லாத மாணவர் குழுவுக்கு இது சிறிய உதவியல்ல.

வேலை தாளில் தொடங்குகிறது. திரைக்கதையில் ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம். பக்கத்தை எட்டாகப் பிரித்து, காட்சி ஒவ்வொன்றும் எத்தனை எட்டில் ஒரு பங்கு என்று குறிப்பார்கள். பிறகு அந்தக் காட்சிக்கு வேண்டிய நடிகர், உடை, பொருள், ஒலி, வாகனம் என எல்லாவற்றையும் தனித்தனியாகப் பட்டியலிடுவார்கள். ‘மாலை, சாப்பாட்டுக்கடை, தாயும் மகனும் பேசுகிறார்கள்’ என்ற ஒரே வரிக்குள் கடைக்காரரின் ஒப்புதல், வாடிக்கையாளராக உட்கார ஐந்து பேர், மாறாத வெளிச்சம், மின்விசிறியை நிறுத்திவைக்கும் ஏற்பாடு ஆகியவை அடங்கியிருக்கின்றன. பொது இடமென்றால் செலாயாங் நகராண்மைக் கழகத்திடமும், ரயில் நிலையமென்றால் ரயில்வே நிறுவனத்திடமும் கல்லூரிக் கடிதத்தோடு முன்னதாகவே கேட்க வேண்டும். பிற்பகல் மழை இந்த வட்டாரத்தின் வழக்கம். வெளிப்புறக் காட்சிகளைக் காலையில் முடித்து, உட்புறக் காட்சிகளை மழை நேரத்துக்கு ஒதுக்குவது நல்ல தயாரிப்பு மேலாளரின் வேலை. தகரக் கூரையில் விழும் மழை உரையாடலை அப்படியே விழுங்கிவிடும் என்பதால் அந்த ஏற்பாட்டிலும் கவனம் தேவை.

படப்பிடிப்பு நாளன்று குழுவின் ஒழுங்கு வெளிப்படும். இயக்குநர் நடிகரோடு பேசுகிறார். நேரத்தையும் ஆட்களையும் நடத்துபவர் முதல் உதவி இயக்குநர். அவர் ‘ரோல் சவுண்ட்’ என்றதும் ஒலிப்பதிவாளர் ‘ஸ்பீட்’ என்கிறார். கேமராவிலிருந்து ‘ரோலிங்’ என்று பதில் வருகிறது. கிளாப் பலகையில் காட்சி எண்ணும் ஷாட் எண்ணும் டேக் எண்ணும் சொல்லப்பட்டு, பலகை தட்டப்படுகிறது. பலகையின் இரு பகுதிகளும் ஒட்டும் ஒற்றைச் சட்டகத்தையும், ஒலி அலையில் அந்தத் தட்டு எழுப்பிய கூர்முனையையும் பொருத்தினால் தனித்தனியே பதிவான படமும் ஒலியும் இணைந்துவிடும். தட்டுபவர் பெரும்பாலும் முதலாண்டு மாணவர். அவர் பலகையைச் சட்டகத்துக்கு வெளியே பிடித்தால் தொகுப்பாளருக்கு அரை மணி நேர வேலை கூடும்.

வெளிச்சத்திலும் உள்ளூர்க் கணக்கு உண்டு. மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; கடையின் குழல் விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு, ஷட்டர் வேகம் பொருந்தாவிட்டால் திரையில் பட்டைபட்டையாக ஓடும். நொடிக்கு 25 சட்டகம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் ஒவ்வொரு சட்டகத்திலும் சரியாக இரண்டு துடிப்புகள் விழுகின்றன, பட்டை மறைகிறது. ஒளிப்பதிவு மாணவர் தளத்துக்கு வந்ததும் முதலில் சரிபார்க்க வேண்டியது இது.

தொடர்ச்சியைக் கவனிப்பவரின் வேலை வெளியே தெரியாது. தாயும் மகனும் பேசும் காட்சியில் மேசைமேல் ஒரு தே தாரிக் குவளை இருக்கிறது. முதல் டேக்கில் அதில் நுரை தளும்புகிறது. நான்காவது டேக்குக்குள் நுரை அடங்கி, தேநீர் பாதியாகிவிடும். இரண்டையும் வெட்டி ஒட்டினால் ஒரே வாக்கியத்துக்குள் குவளை நிறைந்தும் குறைந்தும் தெரியும். எனவே டேக்குக்கு ஒரு குவளை புதிதாக ஆற்றித்தரக் கடைக்காரரிடம் சொல்லிவைக்க வேண்டும். எந்த வசனத்தில் நடிகர் குவளையைத் தூக்கினார் என்றும் குறித்துக்கொள்ள வேண்டும். பூம் மைக் பிடிப்பவர் கையைத் தலைக்குமேல் உயர்த்தி, நிழல் விழாமல், நடிகரின் வாயைத் தொடர்ந்து நகர்த்துகிறார். காட்சி முடிந்ததும் யாரும் அசையாமல் நிற்க, அந்த இடத்தின் மௌனம் அரை நிமிடமாவது தனியாகப் பதிவாகிறது. தொகுப்பில் வசனங்களுக்கிடையே விழும் ஓட்டைகளை நிரப்ப அது வேண்டும்.

மாலையில் மெமரி கார்டுகள் இரண்டு வெவ்வேறு வட்டுகளில் நகலெடுக்கப்பட்டு, திறந்து பார்க்கப்பட்டபின்தான் அழிக்கப்பட வேண்டும். அடுத்து தொகுப்பு, ஒலிக்கலவை, நிறச்சீர்மை, வசன வரிகள் என்று வேலை வாரக்கணக்கில் நீளும். தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசும் பாத்திரங்களுக்கு வசன வரி எழுதுவது தனித் திறமை. வேகமாக வாசிப்பவருக்கும் மெதுவாக வாசிப்பவருக்கும் அது இடம் தரவேண்டும்.

இந்தக் கைவேலையின் வேர்கள் இங்கேயே ஆழமாக இருக்கின்றன. சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த இயக்குநர் எல். கிருஷ்ணன், 1950இல் ‘பக்தி’ எனும் மலாய்ப் படத்தில் நடிகர் பி. ரம்லியை முதன்முறையாகக் கதாநாயகனாக்கினார். ரம்லி பிற்காலத்தில் பணியாற்றிய உலு கிளாங் மெர்டேக்கா ஸ்டுடியோ வளாகத்தில்தான் 1981இல் உருவான ஃபினாஸ் எனும் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகம் இயங்குகிறது. மல்டிமீடியா பல்கலைக்கழகத்தில் படித்த தீபக் குமரன் மேனன், 2005இல் ‘செம்மண் சாலை’யில் பல்கலைக்கழகம் செல்ல விரும்பும் தோட்டத்துப் பெண்ணின் கதையைச் சொன்னார், 2007இல் ‘சலங்கை’யில் பிரிக்பீல்ட்ஸ் குடும்பமொன்றைக் காட்டினார். சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015), மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படத்துக்கான விருதை வென்றது. தோட்டமும் தாமானும் திரைக்குப் போதாத பொருள் என்ற தயக்கத்தை இப்படங்கள் தீர்த்துவைத்தன. ரவாங் மாணவருக்குப் பாடப்புத்தகத்தைவிட இவை நெருக்கமானவை.

படிப்பின் அமைப்பைத் தமிழ்நாட்டோடு ஒப்பிட்டும் பார்க்கலாம். சென்னை தரமணியின் எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தின் வரலாறு 1945இல் தொடங்குகிறது. அங்கே இயக்கம், ஒளிப்பதிவு, ஒலி, படத்தொகுப்பு என்று சேரும்போதே துறை பிரிந்துவிடும். மலேசியத் தனியார் பட்டப்படிப்புகளில் முதலில் எல்லாத் துறைகளையும் தொட்டுவிட்டு, பிறகு ஒன்றில் ஊன்றுவது வழக்கம். முன்னது ஆழம் தரும். பின்னது குழுவில் யாருக்கு என்ன சிரமம் என்பதை அறியவைக்கும்.

பட்டம் பெற்றவருக்குக் காத்திருக்கும் வேலைகள் பல வகை. புக்கிட் ஜாலிலில் ஆஸ்ட்ரோ நிலையமும் அதன் வானவில், விண்மீன் அலைவரிசைகளும், அங்காசாபுரியில் அரசு ஒலி, ஒளிபரப்பு நிறுவனமான ஆர்.டி.எம்மும் இருக்கின்றன; விளம்பரம், நிறுவனப் படம், திருமண ஒளிப்பதிவு ஆகியவையும் உண்டு. ‘பில்லா’ (2007), ‘கபாலி’ (2016) போன்ற தமிழ்நாட்டுப் படங்கள் இங்கே எடுக்கப்பட்டபோது உள்ளூர்க் கைகளும் தேவைப்பட்டன. வெளிநாட்டுத் தயாரிப்புகளை ஈர்க்க 2013 முதல் 30 விழுக்காடு ரொக்கச் சலுகைத் திட்டம் நடக்கிறது. சொந்தமாகப் படம் தயாரிக்க ஃபினாஸ் உரிமம் வேண்டும். திரையிடத் தணிக்கை வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும். நிரந்தரச் சம்பளம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. படத்துக்குப் படம் ஒப்பந்தம் என்பதே தொழிலின் இயல்பு. பேசிய கூலியை எழுத்தில் வாங்கும் பழக்கம் கல்லூரி நாளிலேயே வரவேண்டும்.

சேர விரும்புவோர் நான்கைக் கேட்டறிய வேண்டும்: படிப்புக்குத் தகுதி முகமையின் அங்கீகாரம் உண்டா, கேமராவும் ஒலிக்கருவியும் மாணவர் கைக்கு எத்தனை மணி நேரம் வரும், இறுதியாண்டுப் படத்தில் ஒவ்வொருவரின் பொறுப்பும் தனியே மதிப்பிடப்படுமா, தொழில்பயிற்சி எங்கே கிடைக்கும். பதில்கள் திருப்தியாக இருந்தால் மூன்றாண்டு முடிவில் மாணவரிடம் ஒரு சான்றிதழோடு, தன் பெயர் வரும் சில குறும்படங்களும், அடுத்த படத்துக்கு அழைத்தால் வரக்கூடிய ஒரு குழுவும் இருக்கும். இத்தொழிலில் முதல் வேலை பெரும்பாலும் அந்தக் குழுவின் வழியாகவே வருகிறது.